கிளட்ச் இல்லாத வண்டியில் ஆறு பேர்

ஒரு படம் பிடிச்சிருக்கா இல்லையான்னு ஆறு பேர் விடிய விடிய சண்டை போட்டு நீங்க பார்த்திருக்கீங்களா? அதுவும் அந்தப் படத்தில் சண்டைக்காட்சி ஒன்றுகூட இல்லாதபோது? எங்கள் ஹாஸ்டல் அறையில் நடந்தது. காரணம் 2006இல் வந்த ‘லிட்டில் மிஸ் சன்ஷைன்’ என்ற அமெரிக்கப் படம். நம்மில் பாதிப் பேர் அப்போதுதான் அ, ஆ எழுதிக்கொண்டிருந்தோம், மீதிப் பேர் அதுவும் இல்லை.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். (முடிவும் இதில் வரும். கோபப்படுகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.)

நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கி என்ற ஊர். ஹூவர் குடும்பம். அப்பா ரிச்சர்ட், ‘ஜெயிப்பதற்கு ஒன்பது படிகள்’ என்று வகுப்பு எடுக்கிறவர். வகுப்பில் கூட்டம் இல்லை, கைதட்டலும் இல்லை. அதைப் புத்தகமாகப் போட ஒருவர் வருவார் என்று ஃபோனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மா ஷெரில் வேலைக்கும் போய், வரும் வழியில் வாங்கிய பொரித்த கோழியைக் காகிதத் தட்டில் பரிமாறுகிறவர். அம்மாவின் தம்பி ஃபிராங்க், பிரெஞ்சு எழுத்தாளர் ப்ரூஸ்ட்டை ஆராய்ச்சி செய்த பேராசிரியர். தற்கொலைக்கு முயன்று, மணிக்கட்டில் கட்டுடன் நேராக ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார். மகன் டுவைன், விமானப்படையில் சேரும்வரை பேசமாட்டேன் என்று விரதம். சொல்ல வேண்டியதைச் சின்ன நோட்டில் எழுதிக் காட்டுவான். தாத்தா, போதைப்பொடியை மூக்கால் உறிஞ்சியதற்காக முதியோர் இல்லத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர். கடைசியில் ஏழு வயது ஆலிவ். மூக்குக்கண்ணாடி, லேசான தொப்பை. சிறுமிகளுக்கான அழகிப் போட்டியில் அவளுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. போட்டி கலிஃபோர்னியாவில், ரிடாண்டோ பீச்சில். சுமார் 800 மைல், நம்ம கணக்கில் 1,300 கிலோமீட்டர். விமானத்துக்குக் காசு இல்லை. பழைய மஞ்சள் ஃபோக்ஸ்வாகன் வேன் ஒன்று இருக்கிறது. ஆறு பேரும் ஏறுகிறார்கள்.

கிளட்ச் போய்விடுகிறது. உதிரிபாகம் வர நாளாகும். மெக்கானிக் ஒரு வழி சொல்கிறார்: எல்லோரும் சேர்ந்து தள்ளுங்கள், வேகம் வந்ததும் நேராக மூன்றாவது கியர். அப்புறம் ஓடி வந்து ஒவ்வொருவராக ஏறிக்கொள்ளுங்கள். படம் முழுக்க அப்படித்தான் போகிறார்கள்.

எங்கள் அறையில் இதைப் போட்டது ஒரு நல்ல நாளில் இல்லை. பிளேஸ்மென்ட் சீசன். நான்காவது கம்பெனியிலும் எனக்கு முதல் சுற்றோடு கதை முடிந்திருந்தது. அறைத்தோழன், “டேய், ஏதாவது காமெடிப் படம் போடுறா” என்றான். சினிமா கிளப் சீனியர் ஒருத்தர் ஹார்ட் டிஸ்க்கோடு வந்தார். அவ்வளவுதான்.

முதல் கருத்து மெக்கானிக்கல் நண்பனுடையது. அவனுக்குக் குடும்பம், தற்கொலை, கனவு எதுவும் கண்ணில் படவில்லை. “கிளட்ச் இல்லாம மூணாவது கியர் போடுறது சாத்தியம்தான்டா” என்று ஆரம்பித்து, ரஃப் நோட்டில் கியர்பாக்ஸ் வரைய ஆரம்பித்துவிட்டான். அவன் சொன்னது இதுதான். கியர்பாக்ஸில் ஒரு பக்கம் இன்ஜினோடு சுத்துது, இன்னொரு பக்கம் சக்கரத்தோடு சுத்துது. வண்டி நிற்கும்போது ஒன்று ஓடுது, ஒன்று நிக்குது, அதனால் கியர் பல் சிக்காமல் கரகரக்கும். தள்ளிவிட்டால் இரண்டு வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாகும், அப்போது லேசாகத் தள்ளினாலே உள்ளே போய்விடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

சினிமா கிளப் சீனியரே படத்தைப் போட்டுவிட்டு அவரே அதைத் திட்டினார். “இதுவும் ஒரு மசாலாதான்டா. நம்ம மசாலால அஞ்சு ஃபைட்டு, ஆறு பாட்டு. இந்த இண்டி மசாலால ஒரு பேசாத பையன், ஒரு போதைத் தாத்தா, ஒரு சோகப் புரொஃபசர், ஒரு மஞ்ச வண்டி. ஒரே வீட்டுல எப்படிடா இத்தனை பேரு விசித்திரமா இருப்பான்?” கேட்டபோது நியாயமாகத்தான் பட்டது. இப்போதும் பாதி நியாயம் என்றே நினைக்கிறேன். நடுரோட்டில் போலீஸ்காரர் வண்டியை நிறுத்திச் சோதிக்கும் காட்சி போல ஒன்றிரண்டு இடங்களில் கதாசிரியர் கையைப் பிடித்துத் தள்ளுவது தெரிகிறது. மீதிப் பாதிக்கு என் பதில்: உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வர்ற சொந்தக்காரங்களை ஒரு வேன்ல ஏத்திப் பாருங்க சீனியர்.

எங்கள் டாப்பருக்கு (அவனுக்கு ஆகஸ்டிலேயே வேலை கிடைத்துவிட்டது) ரிச்சர்டைப் பிடித்துப்போனது. “அந்தாளு சொல்றதுல என்ன தப்பு? உலகத்துல ஜெயிக்கிறவன், தோக்கிறவன்னு ரெண்டு பேருதான். படம் வேணும்னே அவரை முட்டாளாக் காட்டுது.” இந்த இடத்தில்தான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஐஸ்கிரீம் காட்சியை இழுத்தேன். வழியில் ஓட்டலில் ஆலிவ் ஐஸ்கிரீம் கேட்கிறாள். அப்பா ரொம்பப் பொறுமையாக, அன்பாக, ஐஸ்கிரீமில் கொழுப்பு இருக்கிறது, அது உன் உடம்பில் கொழுப்பாகும், அழகிப் பட்டம் வாங்குகிறவர்கள் ஒல்லியாக இருப்பார்கள் என்று விளக்குகிறார். ஏழு வயசுப் பிள்ளையிடம்! தட்டில் ஐஸ்கிரீம் உருகுகிறது. அவள் தொடாமல் உட்கார்ந்திருக்கிறாள். அப்புறம் தாத்தாவும் மற்றவர்களும் ‘நாங்க சாப்பிடுறோம்பா’ என்று ஆளுக்கொரு வாய் எடுத்து அவளைச் சீண்ட, பொறுக்கமாட்டாமல் தானே சாப்பிட ஆரம்பிக்கிறாள்.

“இந்தாளு வில்லன்டா” என்றேன் நான். கொஞ்சம் சத்தமாகத்தான்.

எழுத்தாளர் மைக்கேல் ஆர்ன்ட் என் கட்சி. அர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர் ஒருமுறை பள்ளி மாணவர்களிடம், தோற்கிறவர்களைக் கண்டால் தனக்கு வெறுப்பு என்ற பொருளில் பேசியதைப் படித்த எரிச்சலில்தான் இந்தக் கதை தோன்றியது என்று அவரே எழுதியிருக்கிறார். 2000இல் மூன்று நாளில் முதல் வடிவத்தை எழுதி முடித்தாராம். படமாக வர அப்புறம் ஐந்தாறு வருஷம். நடுவில் அவரையே அந்தப் படத்திலிருந்து நீக்கி, பிறகு திரும்பக் கூப்பிட்டார்கள். இயக்கியது ஜொனதன் டேட்டன், வேலரி ஃபேரிஸ் என்ற கணவன் மனைவி. இசை வீடியோக்கள் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு முதல் முழுநீளப் படம். செலவு சுமார் 80 லட்சம் டாலர். சன்டான்ஸ் விழாவில் 1 கோடியே 5 லட்சம் டாலருக்கு விலைபோனது, உலகம் முழுக்க 10 கோடி டாலர் பக்கம் வசூலித்தது, 2007 ஆஸ்கரில் ஆர்ன்ட்டுக்குத் திரைக்கதை விருதும், தாத்தாவாக வந்த ஆலன் ஆர்கினுக்குத் துணை நடிகர் விருதும் கிடைத்தன. தோற்கிறவர்களைப் பற்றிய படம் இப்படி ஜெயித்ததை டாப்பர் தன் கட்சிக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டான் என்பது வேறு விஷயம்.

அறையில் இன்னொருத்தன் உண்டு. அதிகம் பேசமாட்டான். நாங்கள் கத்தி ஓய்ந்த பிறகு, “அந்த முதல் சாப்பாட்டு சீன் நல்லா இருந்துச்சு” என்றான். கையில் என்ன கட்டு என்று ஆலிவ் மாமாவிடம் கேட்கிறாள். அப்பா பேச்சை மாற்றப் பார்க்கிறார். அம்மா, அவளுக்குத் தெரியட்டும் என்கிறார். மாமா சொல்லிவிடுகிறார், ஏன் என்றும் சொல்கிறார். “மறைக்கலல்ல” என்றான். அவ்வளவுதான் அவன் விமர்சனம். அன்று அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவனை விட்டுவிட்டு நாங்கள் டீ குடிக்கப் போவதில்லை.

இப்போது நான் ஏன் அவ்வளவு சத்தம் போட்டேன் என்பதற்கு வருகிறேன்.

எங்க அப்பா தினமும் காலை ஐந்தரை மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போடுவார். சூரிய உதயம், மலை உச்சியில் ஒருத்தன், கீழே ‘வெற்றி’ என்று தொடங்கும் ஏதாவது ஒன்று. ஆறேழு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. நான்காவது கம்பெனி கைவிட்ட அன்று மாலை ஃபோன் செய்தார். சொன்னேன். “ஜெயிக்கிறவன் காரணம் சொல்லமாட்டான் தம்பி” என்றார்.

எங்களுக்கு அருப்புக்கோட்டை. அப்பா ஒருகாலத்தில் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து ஃபிளெக்ஸ் பிரிண்டிங் கடை வைத்திருந்தார். இரண்டு வருஷம் ஓடியது. பிறகு ஒருநாள் கூட்டாளி வரவில்லை, பணமும் இல்லை, மெஷினுக்குத் தவணை மட்டும் இருந்தது. அம்மாவின் வளையல் போனது. இப்போது அப்பா ஒரு மில்லில் கணக்கு எழுதுகிறார். கடையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டோம்.

அன்று நான் பேசினேன். “நீங்க ஜெயிச்சீங்களாப்பா? கடைல?”

லைன் கட்டாகவில்லை. அவர் ஒன்றும் சொல்லவும் இல்லை. நான்தான் வைத்தேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் டுவைன்தான், நோட்டுகூட இல்லாத டுவைன். அம்மாவிடம் மட்டும் பேசினேன். ஐந்தரை மணிப் படம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். காணும் பொங்கல் அன்று சாயங்காலம், டிவியில் எல்லாச் சேனலிலும் பட்டிமன்றம். லேப்டாப்பை டிவியோடு இணைத்து இதைப் போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்டால், நேர்மையாகச் சொல்கிறேன், அப்பாவுக்குக் குத்திக்காட்டத்தான். ரிச்சர்டைப் பார்க்கட்டும் என்று.

குடும்பத்தோடு பார்க்கிற படமா இது என்றால், இல்லவே இல்லை. தாத்தா வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. ஒரு கை ரிமோட்டில், ஒரு கண் அப்பத்தா மேல் என்று உட்கார்ந்திருந்தேன். பெட்ரோல் பங்கில் மாமா புத்தகம் வாங்கும் இடத்தில் டிவியே ‘ஹேங்’ ஆனது. (ஆகவில்லை.) அப்பத்தாவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பு. தாத்தா மூக்கால் உறிஞ்சுவதை மூக்குப்பொடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தத் தாத்தா வழியில் ஒரு விடுதியில் தூக்கத்திலேயே இறந்துபோவார். ஆஸ்பத்திரியில் ஏகப்பட்ட படிவம். நின்று எழுதினால் போட்டிக்கு நேரமாகிவிடும். உடலைப் போர்வையில் சுற்றி ஜன்னல் வழியாக இறக்கி வேனில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஹாஸ்டலில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்த இடம். அப்பத்தா சிரிக்கவில்லை. “எடு அந்தப் படத்தை” என்றார். “பெத்த அப்பன் பொணத்தைப் பின்னால போட்டுக்கிட்டு ஆட்டம் பாக்கப் போறானா? கொள்ளி வச்சானா இல்லையா, அதைச் சொல்லு.” படத்தில் அதைக் காட்டுவதில்லை அப்பத்தா என்றேன். படம் முடிந்து, ராத்திரிச் சாப்பாடு முடிந்து, விளக்கை அணைத்த பிறகும் இருட்டிலிருந்து குரல் வந்தது: “கடைசி வரைக்கும் சொல்லலியே.”

அம்மாவின் கருத்து எனக்குப் புதிது. எங்கள் அறையில் ஆறு பேரில் ஒருத்தன்கூட இதைச் சொல்லவில்லை. “அந்தப் பொம்பளைக்கு மட்டும் ஒண்ணுமே இல்லையே. அவனுக்குப் புத்தகம், பையனுக்கு பிளேனு, தம்பிக்குப் படிப்பு, பாப்பாவுக்கு டான்ஸு. அவளுக்கு என்ன வேணும்னு யாராச்சும் கேட்டாங்களா? கோழி வாங்குறா, சண்டையை விலக்குறா, வண்டியத் தள்ளுறா.” டோனி கொலெட் எவ்வளவு நல்ல நடிகை என்று சொல்லிப் பார்த்தேன். “நடிகையைச் சொல்லலடா” என்றார். இரண்டு முறை பார்த்தும் எனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாகத்தான் இருந்தது.

அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. பாதிப் படத்தில், புத்தகம் கைவிட்டுப்போனது என்று ரிச்சர்டுக்கு ஃபோனில் தெரிகிற இடம். வண்டியில் யாரும் பேசுவதில்லை. அதுவரை மகனைக் கிண்டலடித்துக்கொண்டிருந்த தாத்தா, பின்னாலிருந்து வந்து மகனிடம், நீ சொந்தமா ஒண்ணு செய்யணும்னு துணிஞ்சியே, எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் இருக்கு, எனக்கு உன்னால பெருமைதான் என்கிற மாதிரி சொல்வார். ரிச்சர்ட் நன்றிப்பா என்பார். முப்பது நொடி இருக்கலாம். ஹாஸ்டலில் அந்த நேரத்தில் யாரோ சிப்ஸ் பாக்கெட் பிரித்துக்கொண்டிருந்தோம். என் தாத்தா, அப்பாவின் அப்பா, கடை மூடின வருஷம்தான் இறந்தார். அப்பத்தாவுக்கு அந்த வசனத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. அப்பா ஆங்கிலத்தைத் தானே படித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் ராத்திரி. விடுதியிலிருந்து ரிச்சர்ட், ஒரு பையனிடம் சின்ன மொபெட்டை வாங்கிக்கொண்டு, அந்தப் புத்தகக்காரரை நேரில் பார்க்கக் கிளம்புகிறார். நெடுஞ்சாலையில், அந்தச் சின்ன வண்டியில், வளர்ந்த ஆள். பார்க்கவே காமெடியாக இருக்கும். போய்ப் பேசுகிறார், ஒன்றும் நடக்கவில்லை, திரும்பி வருகிறார்.

அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். திரையைப் பார்த்துக்கொண்டே, “நானும் போனேன்” என்றார்.

“எங்கப்பா?”

“சாத்தூருக்கு. அவன் வீட்டுக்கு. டிவிஎஸ் 50லதான். ராத்திரி பத்து மணி இருக்கும். வழில மழை வேற.” கொஞ்ச நேரம் கழித்து, “வீட்டு முன்னால நின்னேன். உள்ள அவன் பிள்ளைக படிச்சுக்கிட்டு இருந்துச்சுக, சத்தம் கேட்டுச்சு. கதவைத் தட்டல. வந்துட்டேன்.”

அம்மா திரும்பி அவரைப் பார்த்த பார்வையில், அவருக்கும் இது இப்போதுதான் தெரிகிறது என்று புரிந்தது.

படத்தை நிறுத்தவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. டுவைனுக்கு நிறக்குருடு என்று வண்டியில் தற்செயலாகத் தெரியவருகிறது. விமானம் ஓட்ட முடியாது. கதறிக்கொண்டு வண்டியிலிருந்து குதித்து ஓடுகிறான். மாதக்கணக்கில் பேசாதவன் பேசுகிறான். பேசுவது எல்லாமே குடும்பத்தின் மேல் வசவு: நீங்களெல்லாம் திவால், தோற்றவர்கள், நான் உங்கள் குடும்பமே இல்லை. இந்த இடத்தில் எனக்குக் காது சூடானது. ஆலிவ் மெதுவாக இறங்கிப் போய், அவன் பக்கத்தில் குந்தி, தோளில் சாய்ந்துகொள்கிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவன் எழுந்து வருகிறான், மேட்டில் ஏற அவளைத் தூக்கிவிடுகிறான், வந்து மன்னிப்பு கேட்கிறான். டுவைனால் அது முடிந்தது. அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு முறுக்குத் தட்டுதான் இருந்தது. அதைத் தாண்டி நான் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசிக் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இந்தப் படத்தைப் பற்றிய சண்டையில் பாதி அங்கேதான் நடக்கும். மேடையில் மற்ற சிறுமிகள் எல்லோரும் தடித்த மேக்கப், தூக்கிக் கட்டிய கூந்தல், பெரியவர்களின் சிரிப்பு. அவர்கள் நிஜமாகவே அந்த மாதிரிப் போட்டிகளில் கலந்துகொண்ட பிள்ளைகள்தான். ஆலிவ் சாதாரணமாக வருகிறாள், தாத்தா சொல்லிக்கொடுத்த நடனத்தை ஆடுகிறாள். அது கேளிக்கை விடுதிகளில் ஆடும் ஆட்டம். அவளுக்கு அது தெரியாது. அரங்கம் அதிர்கிறது, பாதிப் பேர் எழுந்து வெளியே போகிறார்கள். குழந்தையை இப்படி ஆடவிடலாமா, இது அருவருப்பு என்று எங்கள் அறையிலும் ஒருத்தன் சொன்னான். அம்மாவும், “அந்தக் கிழவன் இதையா சொல்லிக்குடுத்தான்?” என்றார். எனக்கும் நெளியத்தான் செய்தது. ஆனால் நம்ம டிவியில் லிப்ஸ்டிக் போட்ட ஆறு வயசுப் பிள்ளைகள் குத்துப்பாட்டுக்கு ஆடி நடுவர்கள் கண் கலங்கும்போது நாம் யாரும் நெளிவதில்லையே. அலங்காரம் பண்ணி மறைத்தால் சரி, மறைக்காமல் காட்டினால் தப்பு என்று அந்த அரங்கம் முடிவு செய்கிறது. படம் கேட்பது அதைத்தான் என்பது என் கட்சி. நீங்கள் எதிர்க்கட்சி என்றால் தாராளமாக இருங்கள்.

போட்டி நடத்தும் அம்மா, உன் பெண்ணை மேடையிலிருந்து இறக்கு என்று ரிச்சர்டிடம் கத்துகிறார். அவர் மேடை ஏறுகிறார். மகளைப் பார்க்கிறார். இறக்குவதற்குப் பதில் தானும் ஆட ஆரம்பிக்கிறார், ஆடவே தெரியாமல். அப்புறம் மாமா, அண்ணன், அம்மா எல்லோரும். பரிசு இல்லை. இனி கலிஃபோர்னியாவில் எந்த அழகிப் போட்டிக்கும் இந்தப் பெண்ணைக் கூட்டிவரக் கூடாது என்ற நிபந்தனையோடு விடுகிறார்கள். மறுபடி தள்ளுகிறார்கள், ஓடி ஏறுகிறார்கள், ஹாரன் தானாக அலறிக்கொண்டே போகிறது.

“என்னடா, ஒண்ணுமே சரியாகலயே” என்றார் அம்மா. கணக்குப் பார்த்தால் உண்மைதான். புத்தகம் இல்லை, விமானம் இல்லை, பட்டம் இல்லை, தாத்தாவும் இல்லை. வண்டிக்குக் கிளட்ச்கூட மாற்றவில்லை.

அடுத்த நாள் காலை ஐந்தரைக்கு ஃபோன் அதிர்ந்தது. அதே மலை, அதே ஆள், அதே வெற்றி. நான் மாடியில் படுத்திருந்தேன், அப்பா கீழே திண்ணையில் இருந்தார். ஆறேழு வருஷத்தில் முதல்முறையாக அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டேன். கீழே அவர் இருமுவது கேட்டது.

ஹாஸ்டலுக்குத் திரும்பிய இரண்டாம் நாள் அப்பாவே கூப்பிட்டார். பிளேஸ்மென்ட் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். “தம்பி, ஒரு சந்தேகம். அந்த மெக்கானிக் சொன்னான்ல, கிளட்ச் இல்லாம தள்ளிவிட்டு நேரா மூணாவது கியரு. அது நெசமாவே முடியுமா, இல்ல சினிமாவுக்காகவா?”

“முடியும்ப்பா, இருங்க” என்று சொல்லிவிட்டு, மெக்கானிக்கல் நண்பனின் ரஃப் நோட்டைத் தேடி எடுத்தேன். பன்னிரண்டு நிமிஷம் பேசினோம். நடுவில் இரண்டு தடவை, “இரு இரு, இன்ஜின் பக்கம் எது, சக்கரத்துப் பக்கம் எது, மறுபடி சொல்லு” என்றார்.